பத்தியக்காரப் பூச்சிகள்

கத்திரிக்காய் வாங்கப் போனால்கூட காம்பைத் திருகி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு காலத்தில் கூடையில் போட்டார்கள். இப்போது வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருத்தன் வந்து, உன் உடம்புக்குள்ளேயே பூச்சி விடப்போகிறேன் என்றால், வலது கையா இடது கையா என்று கேட்கிறார்கள். கேட்டதோடு விடுகிறார்களா, போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடியிலேயே அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

இஞ்ஞாசி இதை டயாலிசிஸ் வார்டுக் கட்டிலில் மல்லாந்தபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போனது, மற்றதன் வழியாகத் திரும்பி வந்தது. பக்கத்துக் கட்டிலில் அவர் மனைவி பிலோமியின் தம்பி தொம்மை படுத்திருந்தான். அவனுக்கும் இதே சீக்குதான். வாரத்தில் மூன்று நாள் அத்தானும் மச்சினனும் சேர்ந்தே பஸ் ஏறி வந்து, சேர்ந்தே படுத்து, சேர்ந்தே போவார்கள்.

"அத்தான், டாக்டர் சொல்லி முடிக்கட்டும். அதுக்குப் பெறவு ஏசுங்க," என்றான் தொம்மை. பேசிக்கொண்டே ஊசி குத்தாத கையால் முதுகைப் பிறாண்டினான்.

டாக்டர் இசக்கிராஜ் சின்ன வயசுக்காரர். தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, பாஸ்பரஸ்னா என்னன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது. ஹார்பர்ல லோடுமேனா இருந்தப்ப கப்பல் கப்பலா எறக்கியிருக்கேன். உரக் கம்பெனிக்குப் போற பாறைப்பொடி. மூக்குல ஏறுச்சுன்னா நாள் பூராவும் தும்மல்."

"அதே சரக்குதான். நீங்க சாப்பிடுற மீன், பால், பருப்பு, முந்திரி எல்லாத்துலயும் இருக்கு. கிட்னி நல்லா இருந்தா மிச்சத்த வெளிய தள்ளிரும்."

"அப்ப தோள்ல சுமந்தேன். இப்ப ரத்தத்துல சுமக்கேன். கூலிதான் இல்ல."

வார்டு சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

"மெஷின் கழுவுதேன்னு கேப்பீங்க. மெஷின் கழுவுறது ரத்தத்த மட்டும். பாஸ்பரஸ் எலும்புலயும் சதையிலயும் ஒளிஞ்சு கெடக்கு. கிணத்த இறைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா ஊறியிருக்குமில்ல, அப்படி நீங்க பஸ் ஏறுறதுக்குள்ள மறுபடி ஊறிருது. அதான் இந்த அரிப்பு. அதான் எலும்பு உளுத்துப் போகுது, ரத்தக்குழாய் சுண்ணாம்பு பூசின மாதிரி இறுகிப் போகுது."

"அதுக்குத்தான் சோத்தோட மாத்திரை முழுங்குதோமே."

"எத்தனை பேர் ஒழுங்கா முழுங்குறீங்க?"

அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில், வாய்ச் சோற்றோடு போட வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போதுதான் அது பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும். தொம்மையோ காலையில் மறந்தது, மதியம் மறந்தது எல்லாவற்றையும் சேர்த்து ராத்திரி படுக்கப்போகும்போது ஒரு பிடியாகப் போட்டுக்கொண்டு, கணக்கு நேராகிவிட்டது என்று தூங்குகிறவன். இஞ்ஞாசி அப்படி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட மாத்திரையை இலை ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

"இனிமே மாத்திரை வேண்டாம். பத்தியமும் வேண்டாம்," என்றார் டாக்டர். "முழங்கைக்குப் பக்கத்துல, தோலுக்கு அடியில ஒரு சின்னச் சிமிழ் வைப்போம். உள்ளுக்குள்ள உயிருள்ள நுண்பூச்சி. பாஸ்பரஸ்தான் அதுக்குத் தீனி. ரத்தம் அந்த வழியா ஓட ஓட ராவும் பகலும் தின்னுக்கிட்டே இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை கொழுத்த பூச்சிய ஊசியால உறிஞ்சி எடுத்துருவோம்."

"எங்க பிடிச்ச பூச்சி?"

"கழிவுநீர் சுத்தம் பண்ற தொட்டியில இருக்கும் ஐயா. அதோட வம்சத்தத் திருத்தி..."

"சாக்கடை."

"ஆமா."

"சாக்கடைப் பூச்சிய ரத்தத்துல விடுதேங்கீரு."

"வெளிய வராது. சிமிழ்ல சல்லடை இருக்கு."

"சல்லடையில ஓட்டை இருக்குமே."

தொம்மை இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. பத்தியம் வேண்டாம் என்ற சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான். "டாக்டரே, மாசிக் கருவாட்டுச் சம்பல்?" என்றான். சாப்பிடலாம் என்றார். "சீலா மீன்?" சாப்பிடலாம். "கிறிஸ்துமசுக்கு முந்திரி மக்ரூன்?" எவ்வளவு வேண்டுமானாலும். தொம்மையின் கண் கலங்கிவிட்டது. "எனக்குப் போடுங்க. ஆனா அத்தானும் போடணும். அவிய போடாட்டா எனக்கும் வேண்டாம்," என்றான்.

இஞ்ஞாசிக்குத் தன் அரிப்பு பெரிசில்லை. தொம்மை காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டால் முதுகைத் தேய்த்து ரத்தம் வரவழைப்பதைத்தான் அவரால் பார்க்க முடியாது. அந்த முதுகு அவர் கண்ணெதிரே வளர்ந்த முதுகு. கல்யாணமான புதிதில் அவர் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்து கடற்கரைக்கு வந்தவன் அவன். சரி போட்டுத் தொலையும் என்று கையை நீட்டினார். கையைத்தான் நீட்டினார், நம்பிக்கையை நீட்டவில்லை. அன்று மதியமே வீட்டில், பிலோமி குழம்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில், மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து விழுங்கினார். மறுநாளும் அப்படித்தான். பாலைத் தொடவில்லை, கருவாட்டைத் தொடவில்லை.

எல்லோர் கையிலும் சிமிழ் ஏறிய பிறகு வார்டு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு நின்றது. சாம்பல் பூத்துக் கிடந்த முகங்களில் வெளிச்சம் வந்தது. எப்போதும் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிற அறையில் பொரித்த மீன் மணத்தது. டெக்னீசியன் பகவதி மாசம் ஒரு தடவை ஊசியைச் சொருகி உறிஞ்சும்போது மற்றவர்கள் சிமிழிலிருந்து பாலாடை மாதிரி திரண்டு வந்தது. இஞ்ஞாசியிடமிருந்து அரிசி களைந்த தண்ணீர்.

"என்ன தாத்தா, உங்க பூச்சியெல்லாம் பட்டினியா?"

"என் ரத்தத்துல உப்புச் சப்பு இல்லம்மா. அதுக்குப் பிடிக்கல போல."

கிறிஸ்துமஸ் அன்று தொம்மை கோயில் வாசலில் வாலிபர்களோடு சேர்ந்து ஆடினான். ஆடி முடித்து வந்து ஒரு பெட்டி மக்ரூனை ஒற்றை ஆளாகத் தின்றான். பிறகு பிரியாணி, அதற்குப் பிறகு மறுபடி மக்ரூன்.

"எலே, வயிறா சாக்கா?"

"வயிறு நெறைஞ்சிட்டு அத்தான். ஆனா கை தேடுது. என்னன்னே தெரியல, தின்னத் தின்னத் தேடுது."

"பசி உனக்கா, அந்தப் பூச்சிக்கா?"

"யாருக்கா இருந்தா என்ன. ருசி எனக்குத்தானே."

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வந்த தொம்மை, இந்தத் தவக்காலம் பூராவும் ஒருசந்தி இருக்கப்போவதாகச் சொன்னான். மதியம் ஒரு வேளை கஞ்சி. மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. சீக்கு வந்ததிலிருந்து அவனுக்கு நோன்பு வேண்டாம் என்று பங்குச் சாமியார் விலக்குக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் நோன்பிருக்கும்போது தான் மட்டும் நோயாளியாகத் தின்றுகொண்டிருந்தது அவனுக்குப் பெரிய குறை. "இப்ப எனக்கு நல்லாயிட்டு. விலக்கு வேண்டாம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்," என்றான்.

இஞ்ஞாசிக்கு அப்படி ஒரு சந்தோசம். "இப்பத்தாம்ல நீ மனுசன். அந்தச் சவத்துப் பூச்சியும் கொஞ்சம் பட்டினி கெடக்கட்டும்," என்று தோளில் தட்டினார்.

டாக்டரிடம் இதை யாரும் சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார். சாப்பிட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் வாரம் தொம்மை ஆசையோடு அல்லாடினான். "சாத்தான் மாசிச் சம்பல் வாசனையில வாரான் அத்தான்," என்று சிரித்தான். பிறகு சிரிப்புக் குறைந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோன்புக் களைப்பு என்றான். ஒரு காலை டயாலிசிஸுக்குப் போகும் பஸ்ஸில், ஓட்டுநர் இல்லாத அந்த வண்டியை வழக்கம்போல ஏசிக்கொண்டே ஏறிய இஞ்ஞாசி, தொம்மை கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குவதைப் பார்த்தார். கை பாதி தூரம் ஏறி, ஈரத் துணி மாதிரி விழுந்தது. அவன் அதை ஆச்சரியமாகப் பார்த்தான். அப்புறம் ஒரு இருமல். விலாவில் ஏதோ முறிகிற சத்தம் இஞ்ஞாசியின் காதுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் தொம்மைக்கு மூச்சுவிட மெஷின் வைத்தார்கள். வார்டில் இன்னும் சிலருக்கும் கை கால் சோர்ந்திருந்தது. எல்லோரும் நோன்புக்காரர்கள். டாக்டர் இசக்கிராஜ் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தார். பிலோமி சுவரோரம் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பூச்சிக்குத் தீனி பத்தல ஐயா," என்றார் டாக்டர். "தின்னு தின்னுப் பெருத்து, பல மடங்கு ஆயிட்டு. சாப்பாட்டுல வர்றது நின்னதும் எலும்புலயும் சதையிலயும் இருக்கிறத உருவ ஆரம்பிச்சிருச்சு. பாஸ்பரஸ் கூடுனாத்தான் கெடுதல்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். ஒரேயடியா குறைஞ்சா சதைக்குத் தெம்பில்ல. மூச்சு இழுக்கிறதும் சதைதானே."

"சிமிழப் பிடுங்கி எறியும்."

"படகுக்கு அடியில கொட்டலசுச் சிப்பி ஒட்டுமில்ல, அந்த மாதிரி ரத்தக்குழாயோட ஒட்டிருச்சு. அறுத்தா ரத்தம் நிக்காது. இந்த நிலைமையில தாங்க மாட்டாரு."

"மருந்து குடுத்துக் கொல்லும்."

"அத்தனையும் ஒரே நேரத்துல வெடிச்சா, தின்ன பாஸ்பரஸ் பூராவும் ரத்தத்துல கொட்டும். இதயம் நின்னுரும்."

"ஊசி வழியா தீனி போடும்."

"அதான் போட்டுக்கிட்டிருக்கோம். போடப் போட அது இன்னும் பெருகுது. ரொம்ப நாள் ஓட்ட முடியாது."

இஞ்ஞாசி சுவரில் சாய்ந்தார். பட்டினி கிடக்கட்டும் என்று தோளில் தட்டிய கை இப்போது அவருக்கே கனத்தது. டாக்டரை ஏச ஒரு சாக்குத் தேடினார்.

"எனக்குப் புரியாதது ஒண்ணுதான்," என்றார் டாக்டர், யாருக்கோ சொல்கிற மாதிரி. "நீங்களும் தவக்கால நோன்பு இருக்கீங்க. உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே ஆகல. உங்க பூச்சி மொதல்ல இருந்தே மெலிவு. ஏன்னு தெரியல."

இஞ்ஞாசி தரையைப் பார்த்தார்.

"ஏன்னா இந்த மனுசன் இன்னும் மாத்திர முழுங்குதாரு," என்றாள் பிலோமி. உருட்டுவதை அவள் நிறுத்தவில்லை. "சோத்து உருண்டைக்குள்ள ஒளிச்சு வச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. கருவாடும் தொடல, பாலும் தொடல. பழைய பத்தியம் ஒண்ணுகூட விடல."

"ஏட்டி, உனக்கு எப்படி..."

"மாத்திரை அட்டைய குப்பைக்கூடையில போட்டா கூட்டுறவ கண்ணுல படாதா?"

டாக்டர் கோபப்படுவார் என்று இஞ்ஞாசி எதிர்பார்த்தார். அந்த ஆள் அவர் கையைப் பிடித்துச் சிமிழ் இருந்த மேட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, உங்க வீட்டுல தயிருக்கு உறை ஊத்துவீங்கள்ல. புளிச்ச மோர ஊத்துனா எப்படித் தயிர் வரும்?"

"புளிப்பாத்தான் வரும்."

"நல்ல மோர ஊத்துனா நல்ல தயிர். நீங்க பட்டினி போட்டுப் போட்டு வளத்த பூச்சி, கொஞ்சத்துல வாழக் கத்துக்கிட்டது. பேராசைப் பூச்சியெல்லாம் உங்க கையில பொழைக்க முடியாம எப்பவோ செத்துப்போயிருக்கும். மிஞ்சியிருக்கிறது உங்கள மாதிரி. அத எடுத்துத் தொம்மை சிமிழ்ல விட்டுட்டு, தீனிய மெல்ல மெல்லக் குறைச்சா, தாங்குறது நிக்கும். தாங்காதது ஒவ்வொண்ணா சாகும். ஒரேயடியா சாகலன்னா, அதுல இருந்து கொட்டுறத மெஷின் கழுவித் தள்ளிரும்."

"நடக்குமா?"

"தெரியாது ஐயா."

அந்த ஆள் வாயிலிருந்து தெரியாது என்று கேட்டது இதுதான் முதல் தடவை. இஞ்ஞாசிக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்ததும் அப்போதுதான். கையை நீட்டினார். "எடும். எவ்வளவு வேணுமோ எடும்."

பகவதி ஊசியைச் சொருகினாள். அரிசி களைந்த தண்ணீர் குழாயில் ஏறியது. அதைப் பார்க்க வார்டே கழுத்தை நீட்டியது. கேலி பண்ணிய அதே ஆட்கள், கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அடுத்த கட்டில்காரர், "அண்ணாச்சி, எனக்கும் ஒரு சொட்டு மிச்சம் வைங்க," என்றார்.

குருத்து ஞாயிறு போனது. பெரிய வியாழன் போனது. பிலோமி கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினாள். தீனியை ஒரு சொட்டுக் குறைக்கும்போதெல்லாம் டாக்டர் மெஷின் திரையைப் பார்த்தார், இஞ்ஞாசி தொம்மையின் நெஞ்சைப் பார்த்தார். பெரிய வெள்ளியன்று தொம்மையின் விரல் பீர்க்கங்கூட்டைத் தேடுகிற மாதிரி அசைந்தது. மறுநாள் மூச்சு மெஷினை எடுத்தார்கள். அவன் தானாக இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். ஒவ்வொரு இழுப்பையும் இஞ்ஞாசி சந்தேகத்தோடுதான் பார்த்தார், அடுத்தது வரும்வரை. வார்டில் யாரோ கை தட்டினார்கள். பகவதி ஓடிப்போய் மற்ற அறைகளில் சொன்னாள். சோர்ந்து கிடந்த எல்லோருடைய சிமிழிலும் இஞ்ஞாசியின் பூச்சி ஏறியது.

ஈஸ்டர் பாஸ்கா போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றை இஞ்ஞாசி செய்தார். தானே மார்க்கெட்டுக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, நாலு கடைக்காரர்களோடு சண்டை போட்டு, நல்ல சீலா மீனாக வாங்கினார். பிலோமி குழம்பு வைத்தாள். தூக்குச்சட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரிடம் கேட்டார். ஒரு துண்டு தரலாம், மாத்திரையோடு, என்றார் டாக்டர்.

தொம்மை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இஞ்ஞாசி மூடியைத் திறந்து அவன் மூக்கருகே நீட்டினார்.

"எலே, பாரு. உனக்குத்தான்."

தொம்மை குனிந்து பார்த்தான். முகர்ந்தான். விரலால் துண்டைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"எந்தக் கடையில வாங்குனீங்க அத்தான்?"

"நம்ம மார்க்கெட்லதான்."

"ஐஸ் மீனா?"

"இன்னைக்குப் பிடிச்சதுடா."

"அப்படித்தான் சொல்லுவான்." சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தான். "இருக்கட்டும். எனக்கு என்னமோ வேண்டாம்னு இருக்கு. மாத்திரை இருக்கா? இந்த மாத்திரை யாரு தயாரிக்கிறது?"

அடுத்த கட்டில்காரர் தனக்கு வந்த இட்லியைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த கட்டிலில் ஒரு அம்மாள் மெஷின் காட்டும் எண்களைச் சரிபார்க்கச் சொல்லிப் பகவதியிடம் மல்லுக்கு நின்றாள். யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை. வார்டில் ஆஸ்பத்திரி வாடைதான் அடித்தது.

இஞ்ஞாசி சட்டியை மூடிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார். வராந்தாவில் பிடித்தார்.

"என் மச்சினன் மீன் வேண்டாங்கான்."

"நல்லதுதானே ஐயா."

"மீன் வேண்டாம்னு சொல்ற தொம்மைய எனக்குத் தெரியாது. அது யாரு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்களும் இப்பத்தான் கவனிக்கோம். பெருத்த பூச்சி ஏதோ ஒண்ணு சுரந்திருக்கு. அது மூளைக்குப் போய், கொண்டா கொண்டான்னு சொல்லியிருக்கு. அதான் அன்னைக்குத் தின்னத் தின்னத் தேடுச்சு. உங்க பூச்சி வேற ஒண்ணு சுரக்குது. அது போதும், பாத்து, பாத்துங்குது."

இஞ்ஞாசி தன் முழங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான்?"

"நீங்க என்ன?"

"நான் யாரையும் நம்ப மாட்டேங்கேன். அது நானா, இதா?"

"ஐயா, சிமிழ் வைக்கிறதுக்கு முன்னாலயே சாக்கடைன்னு என்கிட்ட மல்லுக்கட்டுன ஆளு நீங்க. அது உங்க குணம்."

"மல்லுக்கட்டுனேன். ஆனா கைய நீட்டிட்டேனே. அன்னைக்கு இருந்தவன் கடைசில ஒத்துக்கிட்டான். இன்னைக்குச் சிமிழ் வைக்கணும்னு கேட்டா நான் நீட்டுவேனா?" சட்டைக் கையை இறக்கி முழங்கையை மூடினார். "நீட்ட மாட்டேன்."

"வேணும்னா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்."

"யாரு பாக்குறது?"

"நாங்கதான்."

"அதானே," என்றார் இஞ்ஞாசி.

"ஐயா, உங்க பூச்சியத்தான் இப்ப எல்லா ஊருக்கும் கேக்காங்க. எத்தனை உசிரு பொழைக்கும் தெரியுமா? மனுசங்க கொஞ்சம் பாத்துச் சாப்பிட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"தொம்மை ஆடுவாம்யா," என்றார் இஞ்ஞாசி. "கிறிஸ்துமசுக்கு ஆடுனான்."

டாக்டர் என்னவோ சொல்ல வந்தார். அதைக் கேட்க இஞ்ஞாசி நிற்கவில்லை. தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லாத ஓட்டுநர் இடம் பளபளத்தது. கதவு தானாகத் திறந்து, "ஏறுங்க ஐயா, உங்க வீட்டுப் பக்கம்தான் போகுது," என்று பெண்குரலில் சொன்னது.

காலைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். ஏறாதே என்று உள்ளே ஏதோ சொன்னது. சொன்னது தானா, முழங்கைக்குப் பக்கத்தில் குடியிருப்பதா என்று அவர் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். இரண்டு பேரையுமே நம்ப அவருக்கு மனசு வரவில்லை.

சட்டியிலிருந்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. அவர் நடந்தார்.